மூடியின் உட்பக்கம்

போன மாரியில் பல சனிக்கிழமைகளை நாம் ஒஷாவாவில் ஒரு நண்பர் வீட்டு நிலவறையில் கழித்தோம். பழைய சமையலறை மேசையொன்றின் காலை அறுத்து உயரம் குறைத்து, அதற்கு மேல் பச்சைச் சீலை விரித்து, விளக்கொன்றைப் பூட்டி வைத்திருக்கிறார். நண்பர் யாழ்ப்பாணத்தில் மணிக்கூடு திருத்தியவர். 1976இல், பதினாறு வயதில், கஸ்தூரியார் வீதிக் கடையொன்றில் தொழில் பழகச் சேர்ந்தவர். கனடாவுக்கு வந்தபின் இருபது வருடம் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் நின்றார். ஒஷாவாவில் கார்த் தொழிலுக்கு வராமல் வேறென்ன தொழிலுக்கு வருவது? இப்போது ஓய்வு. கண்ணில் இடுக்கும் வில்லையைத் திரும்ப எடுத்திருக்கிறார்.

ஒரு சனிக்கிழமை, ஊரில் ஆசிரியராயிருந்த பெரியவர் ஒருவர் மகனோடு வந்தார். கைக்குட்டையில் சுற்றிய ஒமேகா கைமணிக்கூடு ஒன்று. தகப்பன் மலாயா ரயில்வேயில் ஸ்ரேசன் மாஸ்ரர். 1940இல் நண்பர்கள் சேர்ந்து கொடுத்த பரிசு என்பது குடும்பக் கதை. பின்மூடியின் வெளிப்புறத்தில் தகப்பனின் பெயரின் முதலெழுத்துகளும், ஐக்கிய மலாய் மாநில ரயில்வேயைக் குறிக்கும் நாலு ஆங்கில எழுத்துகளும், 1940 என்ற ஆண்டும் வெட்டப்பட்டிருந்தன. மகன் இதை ரொறன்ரோவில் பழைய மணிக்கூடு வாங்கி விற்கும் ஒருவரிடம் காட்டியிருக்கிறார். அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, இது ஒட்டுவேலை, சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பெரியவருக்கு அது விலையைப் பற்றிய செய்தியாகப் படவில்லை. “அப்பா பொய் சொன்னவர் எண்டோ சொல்லுறாங்கள்?” என்று கேட்டார்.

ஒரு பழைய மணிக்கூட்டின் வயதை எப்படி அறிவது என்பதை அன்று நாம் கண்ணால் பார்த்தோம்.

முதலில் பின்மூடி. உள்ளே ‘ஸ்ரேபிறைற்’ என்ற சொல். 1930களிலும் 40களிலும் துருப்பிடிக்காத உருக்கின் வர்த்தகப் பெயர் அது. அக்காலத்து ஒமேகாக்களில் இந்த முத்திரையைக் காணலாம். மூடி தன் காலத்தைச் சரியாகவே சொன்னது. அடுத்தது இயந்திரம். செம்பு நிறம், 30 மில்லிமீற்றர் அகலம். இந்த 30 மில்லிமீற்றர் இயந்திரத்தை ஒமேகா 1939இல் வெளியிட்டது. வானாய்வு நிலையங்கள் நடத்திய நேரத்துல்லியப் போட்டிகளில் பேரெடுத்த இயந்திரம் இது. ஆனால் இங்கே இயந்திரத்தில் பொறித்திருந்த இலக்கம் 265. இந்த வரிசைக்கு 260இல் தொடங்கும் இலக்கங்கள் வந்தது 1940களின் கடைசியில்தான். பக்கத்தில் இருந்த தொடரிலக்கம் 14 மில்லியனில் தொடங்கியது. ஒமேகாவின் தொடரிலக்கம் 10 மில்லியனை எட்டியது ஏறத்தாழ 1944இல். 20 மில்லியனை எட்டியது 1963 அளவில். 14 மில்லியன் என்றால் 1950களின் நடுப்பகுதி. 1940இல் கொடுத்த பரிசுக்குள் அப்போது பிறந்தேயிராத இயந்திரம்!

பெரியவரின் முகத்தைப் பார்க்க எமக்கு மனமில்லாமல் இருந்தது. நண்பர் அவசரப்படவில்லை. முகத்தட்டைப் பார்ப்போம் என்றார்.

முகத்தட்டுத்தான் பழைய மணிக்கூட்டில் அதிகம் ஏமாற்றப்படும் இடம். மங்கிய தட்டைச் சுரண்டிப் புதிதாய் மை பூசி எழுத்தை அச்சிடுவது இந்தியாவில் இன்று ஒரு தொழில். எச்.எம்.ரி. நிறுவனம் ஜப்பானின் சிற்றிசனோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் மணிக்கூடு செய்யத் தொடங்கியது. அதன் மணிக்கூட்டுப் பிரிவை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்தது. தொழிற்சாலை போனபின் அதன் மணிக்கூடுகள் பெருகிவிட்டன என்றுதான் சொல்லவேண்டும். தொழிற்சாலை கனவிலும் நினையாத நிறங்களில் தட்டுகள் வருகின்றன. பழைய சீக்கோக்களுக்கும் இதே கதி. எழுத்து தடித்திருக்கும், நிமிடக் கோடுகள் ஆறு மணிக்குக் கீழே வந்து முட்டும்போது இடம் போதாமல் நெருங்கும், ‘சுவிஸ்’ என்ற சிறு எழுத்து காணாமல் போயிருக்கும். புதிது போல் மின்னும் ஐம்பது வருடத்து முகத்தை நம்பாதீர்கள் என்பது நண்பரின் முதல் பாடம். எமது சனமும் இதில் குற்றவாளிகள்தான். திருத்தக் கொடுத்தால் “புதுசு மாதிரி ஆக்கித் தா” என்று கேட்பதே வழக்கம். அப்படித் துடைத்தழித்த வரலாறு எவ்வளவோ.

பெரியவருடைய மணிக்கூட்டின் முகம் மின்னவில்லை. எண்களின் மேலிருந்த பசை தேன்பாகு நிறத்துக்குப் பழுத்திருந்தது. அதைச் சுற்றித் தட்டிலும் பழுப்பு படர்ந்திருந்தது. விளக்கை அணைத்துப் பார்த்தோம். ஒளிரவில்லை. நண்பரின் மகள் ஒஷாவாப் பல்கலைக்கழகத்தில் அணுசக்திப் பொறியியல் படிப்பவள். மேற்கே பிக்கறிங், கிழக்கே டார்லிங்டன் என்று இரண்டு அணுமின் நிலையங்களுக்கு நடுவில் இருக்கும் ஊரில் அது வியப்பல்ல. அவள் சிறிய கைகர் மானியொன்றைக் கொண்டுவந்து கண்ணாடிக்கு மேல் பிடித்தாள். மானி மழை பெய்வது போல் சடசடத்தது. றேடியம்.

இருட்டில் ஒளிராமல், ஆனால் மானியைக் கத்தவைக்கும் முகம் என்பது நல்ல சாட்சி. றேடியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1600 வருடம். அதன் கதிர் பட்டு மின்னிய துத்தநாகக் கலவைதான் சில பத்து வருடங்களில் கருகிச் செத்துவிடுகிறது. ஒளி போய்விடும், நஞ்சு இருக்கும். 1960களில் றேடியத்தைக் கைவிட்டு றிற்றியத்துக்கு மாறினார்கள். சுவிஸ் தட்டின் அடியில் ‘சுவிஸ்’ என்ற சொல்லுக்கு இருபுறமும் ஆங்கில ‘ரி’ எழுத்தைக் கண்டால் அது றிற்றியம் பூசியது. 1960களுக்கும் 1990களின் கடைசிக்கும் இடைப்பட்டது. றிற்றியத்தின் அரைவாழ்வு பன்னிரண்டு வருடமும் சொச்சமும்தான். ஆகவே 1940 என்று விற்கப்படும் மணிக்கூடு இரவில் பிரகாசமாய் ஒளிர்ந்தால் பசையை யாரோ பிறகு பூசியிருக்கிறார்கள். றேடியம் பூசிய மணிக்கூட்டை வீட்டில் யாரும் திறந்து சுரண்டவேண்டாம். தூள் மூச்சோடு போனால் எலும்பில் குடியேறும். அமெரிக்காவில் 1920களில் தூரிகையை உதட்டால் கூராக்கித் தட்டுகளுக்கு றேடியம் பூசிய இளம்பெண்கள் தாடை அழுகி இறந்த கதை உலகறிந்தது.

அதிகம் அறியாத கதை ஒஷாவாவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் கிழக்கே முக்கால் மணித்தியாலத்துக்குள் இருக்கிறது. ஒன்ராறியோ ஏரிக்கரையில் போற் ஹோப் என்ற சிற்றூர். 1930இல் கில்பேட் லபைன் என்பவர் வடக்கே கிறேற் பெயர் ஏரிக்கரையில் றேடியம் அடங்கிய கனிமத்தைக் கண்டுபிடித்தார். எல்டோறாடோ என்ற அவரது கம்பனி 1933இல் போற் ஹோப்பில் சுத்திகரிப்பு ஆலையைத் தொடங்கியது. அதுவரை உலகச் சந்தை கொங்கோவின் கனிமத்தை வைத்திருந்த பெல்ஜியக் கம்பனியின் பிடியில் இருந்தது. கனடியச் சரக்கு வந்ததும் விலை சரிந்தது. வடக்கே மூட்டைகளை முதுகில் சுமந்து வள்ளங்களில் ஏற்றியவர்கள் டெனே பழங்குடி மக்கள். அதில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. போர்க்காலத்தில் ஆலை அரசுடைமையாகி, யுரேனியத்தை அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்துக்குக் கொடுத்தது. 1998இல் டெலினே கிராமத்து டெனே மக்கள் சிலர் ஹிறோசிமாவுக்குப் போய், தாம் சுமந்த மண்ணுக்காக மன்னிப்புக் கேட்டார்கள். சுமக்கவைத்தவர்கள் போனதாகத் தெரியவில்லை. போற் ஹோப்பில் வீட்டு வளவுகளிலும் தெருவோரங்களிலும் பரவிய கழிவை அகற்ற 2012இல் மத்திய அரசு 128 கோடி டொலர் ஒதுக்கியது.

பெரியவருடைய தட்டிலுள்ள றேடியம் எந்தச் சுரங்கத்திலிருந்து வந்ததென்று யாராலும் சொல்லமுடியாது. ஆனால் தட்டு மூடியின் வயதினது. கூடு பழையது, முகம் பழையது, இதயம் மட்டும் பதினைந்து வருடம் இளையது.

இப்படிப் பல மணிக்கூடுகளின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கியதை, பிணங்களைத் தைத்துப் பூதத்தை உருவாக்கிய அந்தக் கதையின் பெயரால் ‘பிறாங்கன்’ என்று சேகரிப்பவர்கள் ஏளனமாய்ச் சொல்வார்கள். ஏளனத்துக்குக் காரணமுண்டு. 2021 நவம்பரில் ஜெனீவாவில் 1950களின் ஒமேகா ஸ்பீட்மாஸ்ரர் ஒன்று முப்பத்தொரு இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் ஏலம் போனது. 2023இல் ஒமேகா நிறுவனமே, அது வேறுவேறு மணிக்கூடுகளின் பாகங்களால் கூட்டியது என்றும், தமது முன்னாள் ஊழியர் சிலருக்கு அதில் பங்கிருந்தது என்றும் அறிவித்தது. வாங்கியதும் ஒமேகாவின் நூதனசாலைதான். ஆகவே ரொறன்ரோ வியாபாரி சொன்னதில் தொழில் ரீதியாகப் பிழையில்லை. அவருக்குத் தெரியாத சங்கதி மூடியின் உட்பக்கத்தில் இருந்தது.

மணிக்கூடு திருத்துபவர்கள் ஒவ்வொரு முறையும் மூடியின் உட்பக்கத்தில் ஊசிமுனையால் கீறி வைப்பார்கள். மாதமும் வருடமும், அல்லது கடையின் பற்றுச்சீட்டு இலக்கம். உலகெங்கும் இது வழக்கம். அடுத்த முறை கொண்டுவரும்போது, எப்போது எண்ணெய் விட்டது, திருத்தியது நாமா வேறாளா என்று தெரியவேண்டுமே. வெளியிலிருந்து தெரியாது, உடையவருக்கே தெரியாது. பெரியவரின் மூடியில் நாலு கீறல்கள்: 3/52, 9/64, 11/73, 6/82. மூன்றாவதன் கீழே சிறிய பெருக்கல் குறி.

நண்பர் வில்லையைக் கண்ணிலிருந்து எடுக்காமலே சிரித்தார். “உது எங்கட முதலாளின்ரை கை. ஏழைப் பாருங்கோ, குறுக்காலை கோடு. பெருக்கல் போட்டால் மிசின் மாத்தினது எண்டு அர்த்தம். நான் சேர்ந்த முதல் கிழமை காட்டித் தந்தவர்.”

ஏன் மாற்றினார்கள்? இதற்கு மணிக்கூட்டைவிட்டு இலங்கையின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவேண்டும். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1960களின் தொடக்கத்திலிருந்தே இறக்குமதிகள் இறுகின. 1970இலிருந்து 77வரை, சிறிமாவோ அரசின் காலத்தில், அது முற்றாகவே நெரிபட்டது. அந்தக் காலத்தில் வெங்காயமும் மிளகாயும் போட்ட வடபகுதிக் கமக்காரர் பணம் கண்டார்கள் என்று இன்றும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் பாணுக்கு வரிசை நின்ற நாட்டில் ஒமேகாவின் தராசுச் சில்லுக்கு யார் டொலர் கொடுப்பார்? சுவிஸ் உதிரிப்பாகம் கடைக்கு வருவது நின்றது. அப்போது யாழ்ப்பாணத்துத் திருத்துநர்கள் செய்தது இதுதான்: கூடு உப்புக்காற்றில் அரித்துப்போன ஒரு மணிக்கூட்டின் இயந்திரத்தை, கூடு நல்லாயிருந்து இயந்திரம் செத்த இன்னொன்றுக்குள் வைத்தார்கள். ஒமேகாவின் 30 மில்லிமீற்றர் வரிசையில் 1939இன் இயந்திரம் கழன்ற இடத்தில் 1955இன் இயந்திரம் வந்து குந்தும். நண்பரின் சொல்லில், “ஒரு மணிக்கூடு செத்தால் மூண்டு பிழைக்கும்.” 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தபின் சீக்கோவும் சிற்றிசனும் குவிந்தன, இந்த வித்தைக்குத் தேவை குறைந்தது. ஆகவே யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் ஓடிய சுவிஸ் மணிக்கூடு ஒன்று அச்சொட்டாய்த் தொழிற்சாலைப் பாகங்களோடு வந்தால், அதைத்தான் நாம் சந்தேகிக்கவேண்டும் என்பது எமது கட்சி. பெரியவருடையது கலப்பு. அந்தக் கலப்பே அது எங்கே, எப்போது, யார் கையில் இருந்தது என்பதற்கு அத்தாட்சி. தகப்பன் பொய் சொல்லவில்லை. 1973இல் நடந்த இருதயமாற்றுச் சிகிச்சையை வீட்டில் சொல்ல மறந்திருக்கிறார், அவ்வளவே.

தலை மாற்றிய பாஸ்போட்டில் வந்து இறங்கிய எம்மில் பலருக்கு இதை விளங்கிக்கொள்வது கஷ்டமாயிருக்காது. அகதிகள் சபையின் முன்னால் எமது பிறந்த திகதியை நிரூபிக்க நாம் பட்ட பாட்டை நினைத்துப் பார்த்தால், இயந்திரம் மாற்றிய மணிக்கூட்டின்மேல் கொஞ்சம் இரக்கமும் வரும்.

இந்த நாட்டு மணிக்கூடுகளின் கதை வேறு. ஒஷாவாவின் பழம்பொருட் சந்தைகளில், 25 வருட சேவைக்கு என்று பெயர் வெட்டிய மணிக்கூடுகள் அடிக்கடி அகப்படும். அவற்றில் பேர்போனது ஈற்றன்ஸ் கடையின் கால் நூற்றாண்டுக் கழகத்து றோலெக்ஸ். நீள்சதுரம், தங்கம், எண்கள் இருக்கவேண்டிய பன்னிரண்டு இடத்திலும் அந்தக் கழகத்தின் ஆங்கிலப் பெயர் எழுத்தெழுத்தாய் நிற்கும். 1869இல் ரொறன்ரோவில் தொடங்கிய ஈற்றன்ஸ் 1999இல் வங்குரோத்தானது. ஆனால் அதன் ஆவணங்கள் ஒன்ராறியோ மாகாண ஆவணக்காப்பகத்தில் பத்திரமாய் இருக்கின்றன. மூடியில் உள்ள பெயர் உண்மையில் அக்கடையில் வேலைசெய்த ஒருவருடையதா என்று தேடிப் பார்க்க ஒருவர் அங்கே போகலாம். கஸ்தூரியார் வீதிக் கடையின் பற்றுப் புத்தகத்தைத் தேடி எங்கே போவது?

போவதற்கு இடமில்லை என்பது நண்பருக்குத் தெரியும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, திருத்தக் கொடுத்திருந்த பதினேழு மணிக்கூடுகள் அவரது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. அவற்றைப் பால்மாப் பேணியொன்றில் போட்டுச் சீலையால் அடைத்துக் கொண்டுபோனார். புத்தகம் பாரமென்று விட்டுவிட்டார். “அதுதான் நான் விட்ட பிழை. பேணியை விட்டிட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்திருக்கோணும்,” என்பார் இப்போது. எமக்கு அது சரியென்று படவில்லை. ஆனால் அவரோடு வாதிடுவதில்லை.

சாவகச்சேரியிலும் பிறகு வன்னியிலும் பதினான்கு பேர் அவரைத் தேடிவந்து தங்களுடையதை வாங்கிப்போனார்கள். அந்தக் காலத்தில் அவருக்கு வேறொரு வேலையும் சேர்ந்தது. 1996 மே மாதம் இலங்கை அரசு மணியை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது; ஒக்ரோபரில் அதில் அரை மணியைக் குறைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி அதை ஏற்கவில்லை. ஒரே தீவில் இரண்டு நேரம். “பழைய நேரமோ, புது நேரமோ?” என்று கேட்காமல் யாரும் யாருக்கும் நேரம் சொல்லமாட்டார்கள். கொழும்புக்குப் போகிறவர்கள் முள்ளைத் திருப்புவதற்கென்று அவரிடம் வருவார்கள். சாவியை இழுத்துத் திருப்பச் சிலருக்குப் பயம். 2006 ஏப்ரலில் அரசு பழைய நேரத்துக்கே திரும்பி வந்தது. அதற்குள் அவர் ஒஷாவாவுக்கு வந்துவிட்டார், மூன்று மணிக்கூடுகளோடு.

இரண்டு வருடத்துக்கு முன் ஸ்காபரோவிலிருந்து ஒரு அம்மா வந்தார். கணவர் இல்லை. அவர் இடப்பெயர்வுக்கு முதல் மாதம் கஸ்தூரியார் வீதியில் சீக்கோ ஒன்றைத் திருத்தக் கொடுத்தவர் என்று மட்டும் தெரியும். நண்பர் பேணியைக் காட்டவில்லை. எப்போது வாங்கியது, எங்கே வாங்கியது என்று கேட்டார். 81ஆம் ஆண்டுத் தீபாவளிக்குச் சவூதியிலிருந்து வந்தபோது கையில் கட்டியிருந்தார் என்றார் அந்த அம்மா. நண்பர் மேலே போய்ச் சீக்கோவின் பின்மூடியைப் பார்த்தார். சீக்கோவின் தொடரிலக்கத்தில் முதல் எண் வருடத்தின் கடைசி எண். இரண்டாவது எண் மாதம். இதில் 1, 3. அதாவது ஒன்றில் முடியும் ஏதோ ஒரு வருடத்து மார்ச் மாதம். எந்தப் பத்தாண்டு என்பதை இலக்கம் சொல்லாது. வேறு தடயத்தால் பிடிக்கவேண்டும். 1970ஐ ஒட்டிய வருடங்கள்வரை சீக்கோவின் மூடியில் ‘தண்ணீர் புகாது’ என்ற பொருளில் ஒரு சொல் இருந்தது. பிறகு ‘தண்ணீரைத் தாங்கும்’ என்று அடக்கமாக மாற்றிவிட்டார்கள். இதில் அடக்கமான சொல்தான். இயந்திரமும் 7009, அது 1970களின் பிற்பகுதியில்தான் வந்தது. ஆகவே 71 அல்ல. உட்பக்கத்தில் அவரே கீறிய 8/88 இருந்தது. ஆகவே 91உம் அல்ல. கிழமை காட்டும் சில்லில் ஒருபக்கம் ஆங்கிலம், மறுபக்கம் அரபு.

அப்படியிருந்தும் அவர் கீழே வந்து இன்னொரு கேள்வி கேட்டார். “கண்ணாடியிலை ஏதும் காயம் இருந்ததோ, அக்கா?” ஏழு மணிக்கு நேரே ஒரு வெடிப்பு, கிணற்றுக் கட்டில் அடிபட்டது என்று அந்த அம்மா சொன்னார். பிறகுதான் பேணி திறந்தது.

மற்ற இரண்டுக்கும் இன்னும் ஆள் வரவில்லை. அவை என்ன வகை, மூடிக்குள் என்ன கீறல், வெளியே என்ன காயம் என்று நாம் பார்த்தோம். எழுதவேண்டாம் என்று நண்பர் கேட்டுக்கொண்டார். கேட்டு வருகிறவர்தான் அதைச் சொல்லவேண்டும்.